முதலில் ஒரு முழு ஓட்டம்

"பழசு சாகறதுக்கு முன்னாடி டிக் டிக்னு சத்தம் போடுது. புதுசுல சத்தமே வராதுங்கறீங்க. அப்ப அது சாகப்போறது எப்படித் தெரியும்?"

பிப்ரவரி முதல் சனிக்கிழமை ரெய்யோ லேத்தினன் தன் லாப்டாப்பின் ஹார்ட் டிஸ்கைப் பற்றி என்னிடம் இப்படிக் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "அதெல்லாம் அவ்வளவு சீக்கிரம் சாகாது" என்று சொல்லிவிட்டு, அவருடைய லாப்டாப்பைக் கவிழ்த்து அடியில் இருந்த திருகாணிகளை எண்ண ஆரம்பித்தேன். பதினொன்று இருந்தன.

ரெய்யோ பெரிய மனிதர் இல்லை. கனடாவில் தண்டர் பே என்ற ஊருக்கு மேற்கே போகும் கிராமச் சாலைகளில் பத்தொன்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். நானே ஏழாம் வகுப்பு வரை அவருடைய வண்டியில்தான் போனேன். அவர் இருக்கைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். அதில் ஜோடி தொலைந்த கையுறைகள் கிடக்கும். யாராவது வெறுங்கையோடு ஏறினால் "பெட்டி" என்று மட்டும் சொல்வார். நாங்கள் ஒரு கைக்குச் சிவப்பும் ஒரு கைக்குப் பச்சையுமாக எடுத்து மாட்டிக்கொள்வோம். திருப்பிக் கொடுத்தோமா என்று அவர் கேட்டதில்லை. பின்வரிசையில் சண்டை வந்தால் வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுச் செய்தித்தாளைப் பிரிப்பார். உள்ளே குளிர் ஏற ஏறச் சண்டை தானாக அடங்கிவிடும். எங்களிடம் அவர் பேசியதை எல்லாம் சேர்த்தால் ஒரு பக்கம் வராது.

அவருக்கு ஐம்பத்தேழு வயது. மனைவி பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு வின்னிபெக்குக்குப் போய்விட்டாள். யாரோடு என்பது ஊருக்கே தெரியும். குழந்தைகள் இல்லை. காலை ஓட்டம் முடிந்ததும் கடையில் பெர்ஷியன் என்கிற, ரோஸ் ஐசிங் பூசிய ஒரு பன்னும் காப்பியும் வாங்கி வண்டியிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். பிறகு மாலை ஓட்டம். வாழ்க்கை அவ்வளவுதான். அவருக்கு அதில் குறை இருந்ததாக எனக்குத் தெரியாது.

ஜனவரி இருபத்துமூன்றாம் தேதி மாலை, வெளியே மைனஸ் முப்பத்தொன்று. கால்டர் என்ற பன்னிரண்டு வயதுப் பையன் பாதி வழியில் எழுந்து வந்து, அத்தை வீட்டில் இறங்க வேண்டும், அம்மாவுக்குத் தெரியும் என்றான். அவனுடைய நிறுத்தம் அது இல்லை. வேறு இடத்தில் இறக்க வேண்டுமானால் பேருந்து ஆபீஸில் கேட்க வேண்டும். ரெய்யோ வயர்லெஸ்ஸில் கேட்டார். ஒரு முறை இல்லை, இரண்டு முறை. ஆபீஸிலிருந்து இறக்கிவிடச் சொன்னார்கள். அவர் கதவைத் திறந்தார். அத்தை வீட்டில் யாரும் இல்லை. பையன் நாலு கிலோமீட்டர் நடந்து வீட்டுக்குப் போனான். வலது கையில் குளிரில் உறைந்துபோன இரண்டு விரல்களின் நுனியை ஆஸ்பத்திரியில் எடுக்க வேண்டியதாயிற்று.

எங்களிடம் யாரும் கேட்கவே இல்லை என்று ஆபீஸ் சொல்லிவிட்டது. முந்தின நாள் அந்தப் பையன் வண்டிக்குள் ஆப்பிளை எறிந்தான், அதற்குத் தண்டனையாக நடுவழியில் இறக்கிவிட்டார் என்று ஊர் பேசியது. நாலு நாள் கழித்து ரெய்யோவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். விசாரணை மார்ச் பன்னிரண்டு என்று கடிதம் வந்தது.

அவரிடம் ஒரு சாட்சி இருந்தது. மூஸ் என்கிற பெரிய காட்டுமான் வந்து மோதினால் காட்டுவதற்காக முன்கண்ணாடியில் அவரே ஒரு சின்ன கேமரா ஒட்டி வைத்திருந்தார். அது பேச்சையும் பதிவு செய்யும். பையன் விஷயம் தெரிந்த அன்றைக்கே கேமராவின் குட்டித் திரையில் ஓட்டிக் கேட்டிருக்கிறார். ஆபீஸ் குரல் தெளிவாக இருந்ததாம். அந்தப் பதினோரு நிமிடத்தை லாப்டாப்பில் ஏற்றிவைத்தார். கேமராவின் கார்டு சிறியது. நிரம்பிவிட்டால் பழையதை அழித்து அதன் மேலேயே எழுதும். நிறுத்தி வைக்கும் வரை அவர் வண்டி ஓட்டினார். ஆக, அந்தக் குரல் உலகத்தில் ஒரே ஒரு இடத்தில்தான் இருந்தது. டிக் டிக் என்று சத்தம் போடும் ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில்.

வேறு எங்காவது நகல் எடுத்து வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். யூனியனில் அவருக்காகப் பேசுகிற லோரெய்ன் என்ற அம்மாள் டொரான்டோவிலிருந்து போனில் சொல்லியிருந்தார்: "இதை யார்கிட்டயும் கொடுக்காதீங்க, எங்கயும் அனுப்பாதீங்க. விசாரணை அன்னிக்கு அப்படியே கொண்டு வாங்க." அப்படியே என்றால் அப்படியே என்று ரெய்யோ எடுத்துக்கொண்டார். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர் அவர்.

ஆனால் லாப்டாப்பில் அந்த வீடியோ ஓடவில்லை. முக்கியமான இடத்தில் நின்றது. மெஷின் மெதுவாக இருக்கிறது, வேகமாக்கினால் ஓடும் என்று நினைத்து அவர் எங்களிடம் வந்தார்.

நாங்கள் என்றால், சர்ச் அடித்தளத்தில் சனிக்கிழமை மதியம் கூடுகிற கூட்டம். எங்களைத் திருப்புளிக் கூட்டம் என்பார்கள். பழைய கம்ப்யூட்டர்களை இலவசமாகச் சரிசெய்து தருவோம். தலைவர் ஹார்லன் பாய்ச்சக். காகித மில்லில் அளவுக் கருவிகளைப் பார்த்துக்கொண்டிருந்து ஓய்வு பெற்றவர். அடுத்து நாடின், ஆஸ்பத்திரி வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவள், நாற்பது வயது. அவள் வாயில் விழாதவர் கிடையாது. பிறகு நான், கோரா. போன வருடம் படிப்பைப் பாதியில் விட்டவள். சுவரில் இருந்த போர்டு என் பொறுப்பு.

அந்தப் போர்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதில் இரண்டு கட்டங்கள்: முன், பின். யாராவது பழைய டிஸ்கை எடுத்துவிட்டு, உள்ளே தட்டு சுழலாத வேகமான புது வகையான எஸ்எஸ்டி போட வந்தால், முதலில் பழைய டிஸ்கை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை முழுசாகப் படிக்கவைத்து வேகத்தை அளப்போம். அதை முழு ஓட்டம் என்போம். இரண்டு மணி நேரம் ஆகும். அந்த எண் 'முன்' கட்டத்தில் ஏறும். பிறகுதான் பழையதில் உள்ளதைப் புதியதுக்கு நகல் எடுப்போம். மாற்றிப் பொருத்தி மறுபடி ஒரு முழு ஓட்டம். அது 'பின்'. இரண்டுக்கும் எத்தனை மடங்கு என்று வகுப்போம். மாதத்தில் பெரிய மடங்கு யாருடையதோ அவருக்கு ஒரு பீங்கான் கோப்பை. 'முன்' இல்லாமல் 'பின்' எழுதுவதில்லை என்பது ஹார்லனின் சட்டம். ஒன்பது வருடமாக அப்படித்தான்.

முதல் சனிக்கிழமை ரெய்யோ மேசை மேல் லாப்டாப்பை வைத்தபோது ஹார்லன் அதில் காதை வைத்துக் கேட்டார்.

"இது டிஸ்க் இல்லப்பா, மாவு மில்லு. என்ன செய்யணும்?"

"ஒரு வீடியோ ஓடணும். பதினோரு நிமிஷம்."

"போடு பார்ப்போம்."

அவர் போட்டார். பனி மூடிய சாலை, இன்ஜின் இரைச்சல், பின்னால் பிள்ளைகளின் கத்தல். பிறகு ரெய்யோவின் குரல்: "ஆபீஸ், ஏழாம் நம்பர் பேசறேன். கால்டர் இங்க இறங்கணும்ங்கறான். இது அவன் ஸ்டாப் இல்ல. என்ன செய்யட்டும்?" வயர்லெஸ் கரகரத்தது. படம் உறைந்தது. லாப்டாப்புக்குள் டிக், டிக், டிக். அரை நிமிடம் போயிற்று. பிறகு படம் தாவி, வண்டி எப்போதோ அந்த இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

"அந்த எடத்துலதான் அவங்க பதில் சொல்றாங்க" என்றார் ரெய்யோ.

"நல்ல எடம் பார்த்து நிக்குது. சீரியல்ல தொடரும் போடற மாதிரி" என்றாள் நாடின்.

ஒரே இடத்தில் நிற்கிறது என்றால் டிஸ்கின் அந்த இடம் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இன்றைக்கு இது எனக்குத் தெரியும். ஹார்லனுக்கு அன்றைக்கே தெரியும். முப்பது வருடம் கருவிகளோடு இருந்தவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் டிஸ்க் சாகிறதா என்று எங்களிடம் யாரும் கேட்பதில்லை. எந்த எஸ்எஸ்டி வாங்கலாம் என்றுதான் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்துவிட்டால் எங்களுக்கு வேறு எதுவும் காதில் விழாது.

நான் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். குச்சி போல இருக்கும் புது வகைக்கு உள்ளே இடம் இல்லை. பழைய டிஸ்க் அளவிலேயே இருக்கும் தட்டை வகைதான் பொருந்தும். அதிலும் இருநூறு விதம். ஹார்லனின் கண்கள் மின்னின.

"ரெய்யோ, கவனமா கேளு. இதுக்குள்ள கோடிக்கணக்குல சின்னச் சின்ன அறை இருக்கு. ஒரு அறைக்கு மூணு பேரைத் தங்க வச்சா ரொம்ப நாள் உழைக்கும். நாலு பேரைத் திணிச்சா நெரிசல், சீக்கிரம் தேஞ்சிடும். உனக்கு மூணு பேர் வகைதான்."

"நாலு பேர் இருந்தா வாடகை கம்மியாச்சே" என்றாள் நாடின். "இவர் என்ன படமா எடுக்கப்போறார்? ஒரு வீடியோ. பார்த்துட்டு மூடி வைக்கப்போறார்."

"இன்னிக்கு ஒரு வீடியோ. நாளைக்கு?"

"நாளைக்கு வேலையே இருக்காது, வீடியோ எங்க?"

எல்லாரும் சிரித்தோம். ரெய்யோ ஒருவர் முகத்தை விட்டு ஒருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேருந்தில் எங்களைக் கண்ணாடியில் பார்ப்பாரே, அதே மாதிரி.

"எதைப் போட்டா வீடியோ ஓடும்?" என்றார்.

"எதைப் போட்டாலும் ஓடும். கேள்வி அது இல்ல" என்றார் ஹார்லன்.

"அப்ப கேள்வி என்ன?"

"எது சரியானதுங்கறது."

அன்றைக்கு முடிவாகவில்லை. ஹார்லன் வீட்டில் படித்துவிட்டு வருவதாகச் சொன்னார். அடுத்த சனிக்கிழமை பதினாலு பக்கம் அச்செடுத்துக்கொண்டு வந்தார். தனியாக ஒரு சின்ன நினைவுச் சில்லு உள்ள வகைதான் நல்லது, அது இல்லாதது பாதி தூரம் ஓடி மூச்சு வாங்கும் என்றார். நாடின் இல்லை என்றாள். ஓட்டெடுப்பு வைத்தோம். நான் ஹார்லனுக்குப் போட்டேன். மூன்றாவது சனிக்கிழமை, நாங்கள் தேர்ந்தெடுத்த மாடலில் சத்தமில்லாமல் உள்ளே சில்லை மாற்றிவிட்டார்கள், பெயர் அதே, சரக்கு வேறு என்று ஹார்லன் கண்டுபிடித்தார். பழைய சரக்குப் பெட்டியின் ஓரத்தில் ஒரு எழுத்து மாறியிருக்குமாம். அந்த எழுத்து உள்ள பெட்டி எங்கே கிடைக்கும் என்று தேடத் தொடங்கினோம்.

"கடையில ஒண்ணு பார்த்தேன்" என்றார் ரெய்யோ. "ஷெல்ஃப்லயே இருக்கு. இன்னிக்கே வாங்கிட்டு வரட்டுமா? சத்தம் இந்த வாரம் கூடியிருக்கு."

"எந்த மாடல்?"

அவர் ஒரு காகிதத்தில் எழுதி வந்திருந்தார். ஹார்லன் பார்த்துவிட்டு அந்தக் காகிதத்தை நாடினிடம் கொடுத்தார். அவள் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தாள். அது நாலு பேர் வகை.

"கண்ணுல பட்டதை வாங்கிட்டு வந்துடுவீங்க போல" என்றாள் நாடின். "கல்யாணமும் அப்படித்தான் பண்ணீங்களா?"

கூடத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் சிரித்தோம். ரெய்யோவும் சிரித்தார், எல்லாரும் முடித்த பிறகு. அந்தக் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நான் இப்போது யோசிக்கிறேன். அந்தக் காகிதத்தில் இருந்ததை அவர் அன்றைக்கே வாங்கியிருந்தால் போதும். அதில் அறைக்கு நாலு பேர் என்ன, நாற்பது பேர் இருந்தாலும் பதினோரு நிமிட வீடியோவுக்கு இடம் இருந்திருக்கும். அதுகூட வேண்டாம். என் சாவிக்கொத்தில் ஒரு பென் டிரைவ் தொங்கிக்கொண்டிருந்தது. எல்லா சனிக்கிழமையும் தொங்கிக்கொண்டிருந்தது.

எழுத்து சரியாக இருந்த பெட்டி வான்கூவரில் ஒரு கடையில் கிடைத்தது. மார்ச் ஏழாம் தேதி வந்து சேர்ந்தது. எட்டாம் தேதி சனிக்கிழமை. விசாரணைக்கு இன்னும் நாலு நாள்.

ரெய்யோ அன்றைக்கு முகம் மழித்து, தலை வாரி, ஒரு டஜன் பெர்ஷியன் வாங்கிக்கொண்டு வந்திருந்தார். பெட்டியை எல்லாருக்கும் நீட்டினார். ஹார்லன் இரண்டு எடுத்துக்கொண்டார். நான் லாப்டாப்பை மின்சாரத்தில் சொருகினேன்.

"கோரா" என்றார் ரெய்யோ. "முதல்ல அந்த வீடியோவை மட்டும் புதுசுக்கு எடுத்துடலாமா?"

அவர் என்னிடம்தான் கேட்டார், ஹார்லனிடம் இல்லை. நான் சின்னப் பெண், அவர் வண்டியில் போனவள், என்னிடம் கேட்பது சுலபம் என்று நினைத்திருப்பார்.

"முதல்ல ஒரு முழு ஓட்டம்" என்றேன். "இல்லன்னா போர்டுல எழுத முடியாது. ரெண்டு மணி நேரம்தான். உங்களுக்குக் கோப்பை கிடைச்சாலும் கிடைக்கும்."

இதை நான் அன்பாகத்தான் சொன்னேன். அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியவில்லை.

"சரி" என்றார்.

ஓட்டத்தைத் தொடங்கும் முன் திரையில் ஒரு மஞ்சள் வட்டம் வந்தது. டிஸ்க் ஆபத்தில் இருக்கிறது, உள்ளதை எடுத்து வையுங்கள் என்பதற்கான அடையாளம். நான் ஹார்லனைப் பார்த்தேன்.

"மஞ்சள்தானே" என்றார் அவர், விரலில் ஒட்டிய ரோஸ் ஐசிங்கை நக்கிக்கொண்டே. "சிவப்பு வரட்டும்."

தட்டினேன். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்தது. ரெய்யோ நாற்காலியை இழுத்துப் போட்டு லாப்டாப்புக்கு எதிரே உட்கார்ந்தார். பத்து சதவீதம். இருபது. முப்பதைத் தாண்டும்போது டிக் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. முப்பத்தெட்டில் கோடு நின்றது. ஐஸ் மேல் ஸ்கேட்டைக் குறுக்கே திருப்பி நிறுத்தினால் ஒரு கீறல் சத்தம் வருமே, அது ஒரு நொடி கேட்டது. பிறகு டிக் சத்தமும் இல்லை.

"என்ன ஆச்சு?" என்றார் ரெய்யோ.

ஹார்லன் அணைத்துப் போட்டார். கீறல். மறுபடி அணைத்துப் போட்டார். கீறல். மூன்றாவது முறையும் போட்டார். ஒவ்வொரு முறை போடும்போதும் உள்ளே தட்டு இன்னும் சுரண்டப்படும் என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை.

கூடத்தில் இருந்தவர்கள் எல்லாரும் எங்கள் மேசையைச் சுற்றி வந்து நின்றார்கள். இப்படி நடந்தால் எங்கள் கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்பது வழக்கம். யாராவது ஒருவர் கேட்டே ஆக வேண்டும். நாடின் கேட்டாள்.

"பேக்கப் இருக்கா?"

"அப்படின்னா?" என்றார் ரெய்யோ.

யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். கேட்டது என்னவென்று நான் ரெய்யோவுக்கு விளக்கினேன். வேறு இடத்தில் இன்னொரு நகல் இருக்கிறதா என்று.

"இல்ல" என்றார். "அதை எடுக்கத்தானே வந்தேன்."

அப்போது யாராவது அவர் தோளில் கை வைத்திருக்கலாம். ஹார்லன் மணியைப் பார்த்தார். "சரி, வந்த வேலையை முடிப்போம்" என்றார். நான் செத்த டிஸ்கைக் கழற்றினேன். அது சூடாக இருந்தது. வான்கூவரிலிருந்து வந்த எஸ்எஸ்டியைப் பொருத்தினேன். புதிதாக எல்லாம் ஏற்றினோம். ஒன்பது நொடியில் திரை வந்தது. பழக்கத்தில் எல்லாரும் கைதட்டினார்கள்.

முழு ஓட்டம் பிரமாதமாக வந்தது. எங்கள் போர்டில் அவ்வளவு பெரிய 'பின்' அதுவரை ஏறியதில்லை. 'முன்' கட்டத்தில் என்ன எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. சாக்பீஸோடு நின்றேன். நாடின் அதை என் கையிலிருந்து பிடுங்கி ஒரு பூஜ்ஜியம் போட்டாள்.

"பூஜ்ஜியத்தால வகுத்தா என்ன வரும் கோரா? நீதானே பள்ளிக்கூடம் போன கடைசி ஆளு."

"வகுக்க முடியாது."

"எல்லையே இல்லன்னு அர்த்தம். இந்த மாசம் கோப்பை இவருக்குத்தான்."

கோப்பையை ஹார்லனே எடுத்து வந்து கொடுத்தார். விளையாட்டாகத்தான். ரெய்யோ அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப நன்றி" என்றார்.

செத்த டிஸ்கை ஒரு கையுறைக்குள் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவர் படியேறிப் போனார். பன் பெட்டியில் இன்னும் மூன்று மிச்சம் இருந்தன. அதையும் தின்றோம்.

திங்கள்கிழமை அவர் அதை டொரான்டோவில் ஒரு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். குறைந்தது மூன்று வாரம் ஆகும், கீறல் விழுந்திருந்தால் ஆசை வைக்காதீர்கள் என்றார்கள். லோரெய்ன் விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டுப் பார்த்தார். போதுமான அவகாசம் கொடுத்தாயிற்று என்று பதில் வந்தது. செவ்வாய்க்கிழமை ரெய்யோ எனக்குப் போன் செய்து, என்ன நடந்தது என்று அவர்களுக்குச் சொல்ல நீ வருவாயா என்று கேட்டார். போனேன்.

சின்ன அறை. பேருந்துக் கம்பெனி மேனேஜர், பள்ளி வாரியத்திலிருந்து இரண்டு பேர், லோரெய்ன், ரெய்யோ, நான். ஓரத்தில் கால்டரின் அம்மா. ரெய்யோ லாப்டாப்பையும் கொண்டு வந்திருந்தார். அதில் ஒன்றும் இல்லை என்று அவருக்குத் தெரியும். கொண்டு வரச் சொன்னார்கள், கொண்டு வந்தார். மேசையில் வைத்துத் திறந்தார். ஒன்பது நொடி.

"நல்ல வேகம்" என்றார் மேனேஜர். பள்ளி வாரியத்து ஆள் ஒருவர் சிரிப்பை அடக்கக் காகிதத்தைப் புரட்டினார்.

நான் நடந்ததைச் சொன்னேன். முழு ஓட்டம், மஞ்சள் வட்டம், நான் சொன்ன வார்த்தை, எல்லாவற்றையும். மேனேஜர் பொறுமையாகக் கேட்டார்.

"அந்த வீடியோவை நீ பார்த்தியா?"

"பார்த்தேன்."

"அவர் ஆபீஸைக் கேட்டது உன் காதுல விழுந்ததா?"

"விழுந்தது."

"ஆபீஸ் பதில் சொன்னது?"

நான் ரெய்யோவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை. ஆமாம் என்று சொன்னால் போதும். அவர் பொய் சொல்கிறவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அந்தக் குரல் அங்கே இருந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"இல்ல" என்றேன். "அந்த எடத்துல நின்னுடுச்சு."

"அப்ப, இறக்கட்டுமான்னு அவர் கேட்டார். பதில் வர்றதுக்குள்ள இறக்கிட்டார். அப்படியும் இருக்கலாம் இல்லையா?"

"இருக்கலாம்" என்றேன்.

பொய் சொல்லாததற்காக நான் பெருமைப்படவில்லை. அன்றைக்கு அது நேர்மையா பயமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே வராந்தாவில் கால்டரின் அம்மா எங்களிடம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"அவங்க சொன்னாங்கன்னே வச்சுக்குவோம், மிஸ்டர் லேத்தினன். மைனஸ் முப்பத்தொண்ணுல கதவைத் திறந்தது யார் கை?"

ரெய்யோ தன் வலது கையைப் பார்த்தார். அவள் போன பிறகும் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லோரெய்ன்தான் அவர் கோட்டை எடுத்து மாட்டிவிட்டார்.

பத்து நாளில் வேலை நீக்கக் கடிதம் வந்தது. பத்தொன்பது வருடத்தைப் பற்றி அதில் ஒரு வரி இருந்தது, வருகைப்பதிவு திருப்திகரம் என்று. ஏப்ரல் கடைசியில் ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு பட்டியல் வந்தது. மீட்க முடிந்த கோப்புகள். ஏரியில் பிடித்த மீன்களின் படங்கள் முப்பத்தொன்று, முழுசாக. மனைவியின் படங்கள் ஆறு, முழுசாக. அந்த வீடியோவின் பெயரும் தேதியும் இருந்தன. அளவு என்ற இடத்தில் பூஜ்ஜியம். பட்டியலை என்னிடம் காட்டி, "இது என்னம்மா, இருக்குன்னு அர்த்தமா, இல்லன்னு அர்த்தமா?" என்று கேட்டார். சொன்னேன்.

இப்போது அவர் ஐஸ் அரங்கத்தில் பார்வையாளர் படிகளைக் கூட்டுகிறார். ஹாக்கிப் பயிற்சிக்கு வருகிற பையன்கள் அவர் பின்னால் நின்று, "டிரைவர், இங்க இறங்கணும், கதவைத் திற" என்று கத்துகிறார்கள். அவர் வண்டியில் போன பையன்கள்தான். அவர் துடைப்பத்தை நிறுத்துவதில்லை. ஒரு நாள் நான் அவர்களைத் திட்டப் போனேன். "விடு கோரா" என்றார். "அவனுங்க கேட்டுட்டாவது இறங்கறானுங்க." அது நகைச்சுவையா என்று எனக்குப் புரியவில்லை.

மே மாதம் நான் கூட்டத்தில் ஒரு விஷயம் கேட்டேன். நாங்கள் வேலை செய்யும் வரிசையை மாற்றலாம், முதலில் நகல், பிறகு முழு ஓட்டம் என்று. ஹார்லன் யோசித்துப் பார்த்தார். உண்மையாகவே யோசித்தார்.

"முடியாது" என்றார். "நகல் எடுத்தா டிஸ்க் சூடாயிடும். சூடான டிஸ்கை அளந்தா 'முன்' சுத்தமா வராது. ஒன்பது வருஷத்துக் கணக்கு கெட்டுடும்."

"ரெய்யோ?"

"ரெய்யோ டிஸ்க் எப்படியும் செத்திருக்கும். அவருக்கு நல்ல எஸ்எஸ்டி வாங்கிக் கொடுத்தோமா இல்லையா? அவர் ஆயுசுக்கும் தேயாது."

ஓட்டெடுப்பு வைத்தார்கள். என் பக்கம் என் கை மட்டும்தான் உயர்ந்திருந்தது. சாக்பீஸை வைத்துவிட்டு வந்துவிட்டேன். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. போன சனிக்கிழமைகூட ஒரு விதவையின் கம்ப்யூட்டரைக் காசு வாங்காமல் சரிசெய்து கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். முதலில் முழு ஓட்டம் போட்டுத்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரிலும் எங்களைப் போல ஒரு மேசையும் நாலு திருப்புளியும் நிறைய அபிப்பிராயங்களும் வைத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம். யாராவது பழைய லாப்டாப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எதை வாங்கலாம் என்று கேட்டு அவர்களிடம் போவதற்கு முன் இந்தக் கதை போய்ச் சேர வேண்டும். எழுதத் தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள். பேசத் தெரிந்தவர்கள் வாயால் சொல்லுங்கள். என் பெயரைச் சொல்ல வேண்டும் என்றில்லை. ரெய்யோ லேத்தினன் என்ற பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவர் ஆபீஸைக் கேட்டார், இரண்டு முறை கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.